திருப்பிக் கொடுத்த பணமும் திருப்பித் தர முடியாத மானமும்

2005ஆம் ஆண்டு ரொன் ஹவார்டின் நெறியாள்கையில் வெளிவந்த 'சின்ட்ரெல்லா மேன்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தை விமர்சிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்படம் எழுப்பும் ஒரு கேள்வியையும், தன்னையறியாமலே அது எழுப்பிவிடும் இன்னொரு கேள்வியையும் வாசகரோடு சேர்ந்து யோசித்துப் பார்ப்பதே நோக்கம். பஞ்ச காலத்தில் ஒருவன் பெற்ற உதவி கடனா, உரிமையா என்பது முதற் கேள்வி. ஒரு நல்ல மனிதனின் புகழை நிலைநாட்டுவதற்காக இன்னொரு மனிதனின் மானத்தைச் செலவிடலாமா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒரே வேரில் முளைத்தவை என்பதே என் எண்ணம்.

படத்தின் நாயகன் கற்பனைப் பாத்திரமல்லன். ஜேம்ஸ் ஜே. பிரடொக் 1905இல் நியூயோர்க்கில் ஐரிஷ் வழிவந்த ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். வளர்ந்தது ஹட்சன் நதியின் மறுகரையில், நியூஜேர்சியில். 1926இல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தார். வலக்கை அவரது மூலதனம். 1929 ஜூலையில் லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக டொமி லொக்ரனுடன் பதினைந்து சுற்றுகள் மோதித் தோற்றார். மூன்று மாதம் கழித்து, அதே ஆண்டு ஒக்டோபரில், நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது.

அந்தச் சரிவுக்குப் பின் வந்த காலத்தைப் பெருமந்தம் என்று பொருளியல் நூல்கள் சொல்லும். 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. வாழ்நாட் சேமிப்பை அவற்றில் வைத்திருந்தோர் ஒரே இரவில் வெறுங்கையராயினர். வீடிழந்தோர் தகரத்தையும் அட்டையையும் கொண்டு குடிசை போட்ட இடங்களை, அன்றைய ஜனாதிபதி ஹூவரின் பெயரைச் சேர்த்து 'ஹூவர்வில்' என்று மக்கள் கசப்போடு அழைத்தனர். நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கிலேயே அப்படியொரு குடியிருப்பு இருந்தது.

பிரடொக்கின் வீழ்ச்சியும் அந்நாட்டின் வீழ்ச்சியோடு சேர்ந்தே நடந்தது. வலக்கை எலும்பு மீண்டும் மீண்டும் முறிந்தது; தோல்விகள் தொடர்ந்தன. 1933 செப்டம்பரில் நடந்த ஒரு போட்டியில் கை மறுபடி உடைய, அப்போட்டி முடிவின்றியே நிறுத்தப்பட்டது. மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்ற அவர் துறைமுகக் கூலியாகச் சுமை தூக்கினார். அந்த வேலையும் நாள்தோறும் கிடைப்பதில்லை. கூட்டத்துக்குள் நின்று, மேற்பார்வையாளன் விரல் நீட்டினால் மட்டுமே அன்றைக்குக் கூலி. கடைசியில் அரசு நிவாரணத்துக்கு விண்ணப்பித்தார். ஒரு காலத்தில் பத்திரிகைகளில் படம் வந்த மனிதர் நிவாரண வரிசையில் நின்றார்.

அதன்பின் நடந்தது கதை போலவே இருக்கிறது. சுமை தூக்கித் தூக்கி அவரது இடக்கை உரமேறியிருந்தது. 1934 ஜூனில், வேறொருவரின் வெற்றிக்குப் படிக்கல்லாக இருப்பாரென்று கருதி அழைக்கப்பட்ட போட்டியில், கோர்ன் கிரிபின் என்ற இளைஞனை மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். பின்னர் ஜோன் ஹென்றி லூயிஸ், ஆர்ட் லாஸ்கி ஆகியோரை வென்றார். 1935 ஜூன் 13ஆம் திகதி, பத்துக்கு ஒன்று என்று பந்தயக்காரர் அவருக்கு எதிராகக் கணித்திருந்த நிலையில், ஹெவிவெயிட் உலக வீரன் மெக்ஸ் பேயரைப் பதினைந்து சுற்றுகளின் முடிவில் புள்ளிகளால் தோற்கடித்தார். பத்திரிகையாளர் டேமன் ரன்யன் இட்டதாகச் சொல்லப்படும் செல்லப் பெயரே படத்தின் தலைப்பாயிற்று.

இந்த வெற்றிகளுக்கிடையில் பிரடொக் செய்த ஒரு காரியந்தான் நமது முதற் கேள்விக்கு அடிப்படை. கையில் காசு வந்ததும், தாம் பெற்ற நிவாரணப் பணத்தை அவர் திருப்பிக் கொடுத்தார். திருப்பித் தரும்படி எவரும் கேட்கவில்லை. படத்தில் ரஸல் குரோ அந்தக் காசுக் கற்றையை நிவாரண அலுவலகத்தில் வைக்கும் காட்சி, பார்ப்பவர் மனத்தில் எந்தக் குத்தையும்விட ஆழமாகப் பதியும்.

இச்செயல் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏன் உயர்ந்தது என்று கேட்டுப்பார்க்க வேண்டும். "பெற்ற உதவி ஒரு கறை, பிரடொக் அக்கறையைக் கழுவினார்" என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. படமும் ஏறத்தாழ இவ்விடையையே தருகிறது. நிவாரணம் கேட்டுச் செல்லும்போதும், அதன்பின் குத்துச்சண்டை முதலாளிகள் கூடியிருக்கும் அறையில் தொப்பியை நீட்டி நிற்கும்போதும் நாயகனின் முகத்தில் படம் காட்டுவது ஓர் இறப்பை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது காட்டுவது உயிர்ப்பை. அவ்விடை சரியானால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இயலாமலே மண்ணறைக்குப் போன இலட்சக்கணக்கானோர் கறையோடு போனவர்கள் என்றாகிவிடும். பிரடொக்கோடு அதே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் உலகப் பட்டம் கிடைக்கவில்லை. ஒருவனுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தை எல்லாருக்குமான அறமாக்க முடியுமா?

நம் மார்க்கம் இவ்விடயத்தில் இரண்டு பக்கமும் பேசுகிறது. கொடுக்கும் மேற்கை வாங்கும் கீழ்க்கையைவிடச் சிறந்தது என்ற கருத்திலும், யாசிப்பதைவிடக் கயிறெடுத்துப் போய் விறகு சுமந்து விற்றுப் பிழைப்பது மேல் என்ற கருத்திலும் வந்துள்ள நபிமொழிகள் நமக்குப் பாலர் வகுப்பிலேயே அறிமுகமானவை. துறைமுகத்தில் உடைந்த கையோடு மூட்டை தூக்கிய பிரடொக் இப்போதனையைக் கேட்டிராவிட்டாலும் அதன்படி நடந்தவரே. மறுபுறம், செல்வந்தரின் பொருளில் ஏழைக்குள்ளதைக் குர்ஆன் பிச்சையென்று சொல்வதில்லை, 'ஹக்' என்று சொல்கிறது. உரிமையைப் பெற்றவன் கடன்காரனாவதில்லை. தேவையுள்ள நிலையில் ஸகாத் பெற்றவர் பிற்காலத்தில் வசதி பெற்றால் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை என்பது சட்ட நூல்களில் உள்ள தெளிவான விடயம்.

இவ்விரண்டு பக்கங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க உதவும் வரலாறு ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுடையது. அவர் நபிகளாரிடம் கேட்டார், கொடுக்கப்பட்டது. மீண்டும் கேட்டார், கொடுக்கப்பட்டது. மூன்றாம் முறையும் கொடுத்த பின்னர், பேராசையோடு பெறும் பொருளில் பரக்கத் இல்லை என்று நபிகளார் அவருக்கு அறிவுறுத்தினார்கள். அன்று முதல் எவரிடமும் எதையும் பெறுவதில்லையென அவர் உறுதிபூண்டார். பின்னர் அபூபக்ர் (ரலி) அவரது பங்கைக் கொடுக்க அழைத்தபோதும் மறுத்தார். உமர் (ரலி) அழைத்தபோதும் மறுத்தார். அப்போது உமர் (ரலி) செய்தது நம் கவனத்துக்குரியது. பொதுநிதியிலிருந்து ஹகீமுக்குரிய ஹக்கைத் தாம் அவரிடம் நீட்டியதற்கும், அவர் ஏற்க மறுத்ததற்கும் மக்களைச் சாட்சியாக்கினார்கள். ஹகீம் பெறாமல் இருந்தது அவரது மேன்மை. ஆனால் அந்த மேன்மையைக் காரணங்காட்டி அது அவருடைய உரிமையல்ல என்று ஆட்சியாளர் சொல்லவில்லை. மறுத்த பின்னும் உரிமை உரிமையாகவே இருந்தது.

உமர் (ரலி) அவர்களின் வாழ்விலிருந்தே இன்னும் இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பொதுநிதியைப் பொறுத்தவரை தாம் அநாதையின் பொருளைக் காக்கும் பாதுகாவலன் போன்றவர் என்றும், தேவை வந்தால் அளவோடு எடுத்து வசதி வந்ததும் திருப்பிச் செலுத்துவதாகவும் அவர்கள் கூறியதாக வரலாறுண்டு. அதே உமர், முதுமையில் கையேந்தி நின்ற யூதர் ஒருவரைக் கண்டபோது அவருக்குப் பொதுநிதியிலிருந்து கொடுக்கச் செய்தார்கள் என்று இமாம் அபூயூஸுபின் 'கிதாபுல் கராஜ்' கூறுகிறது. இளமையில் அம்மனிதரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்பதே அங்கு சொல்லப்பட்ட காரணம். அந்த முதியவர் திருப்பித் தரவேண்டுமென்ற பேச்சே எழவில்லை.

ஒரே நிதி, ஒரே ஆட்சியாளர். தமக்கென்று வரும்போது அது கடன். பிறருக்கென்று வரும்போது அது உரிமை. நமது முதற் கேள்விக்கான விடை இதிலேயே இருப்பதாக நினைக்கிறேன். பிரடொக் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அதைத் தாமாகவே தம்மீது சுமத்திக்கொண்டதனால் உயர்ந்தது. அதே செயலை அளவுகோலாக எடுத்து மற்ற ஏழைகளின் முதுகை அளக்கத் தொடங்கும் கணத்தில் அதன் உயர்வு போய்விடுகிறது. அது கொடுமையின் கருவியாகிறது.

பிரடொக் தனித்த உதாரணமுமல்லர். 1937 ஜூனில் சிக்காகோவில் அவரை எட்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்த கறுப்பின வீரர் ஜோ லூயிஸும், தமது குடும்பம் டெட்ரொய்ட் நகரில் பெற்ற நிவாரணப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர். அதுமட்டுமன்றி, 1942இல் இரண்டு போட்டிகளின் வருமானத்தைக் கடற்படை, இராணுவ நிவாரண நிதிகளுக்கு அளித்ததோடு இராணுவத்திலும் சேர்ந்தார். அதே லூயிஸைப் பிற்காலத்தில் வரித் திணைக்களம் பெருந்தொகைப் பாக்கிக்காக வருடக்கணக்கில் துரத்தியது. பட்டத்தை விட்டு ஓய்வு பெற்றவர், கடனுக்காக மீண்டும் அரங்கேறி அடிவாங்க நேர்ந்தது. குடிமகன் அரசுக்குத் தரவேண்டியதைச் சதம் சதமாகக் கணக்கிடும் கை, அரசு குடிமகனுக்குத் தரவேண்டியதை அவ்வளவு கவனமாகக் கணக்கிடுவதில்லை. திருப்பிக் கொடுத்தவனைப் புகழ்ந்துவிட்டுக் கொடுக்க வேண்டியவர்கள் தப்பிக்கொள்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கந்தான்.

நம் வாசகருக்கு நிவாரண வரிசை அந்நியமான காட்சியல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் உலருணவு அட்டையோடு நின்றவர்களும், 2004 டிசம்பர் கடல்கோளுக்குப் பின் கிழக்குக் கரையில் கூடாரங்களில் இருந்தவர்களும், 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் விடிய விடியக் காத்திருந்தவர்களும் இவ்விதழின் வாசகரிடையே இருக்கிறார்கள். அவர்களுள் கௌரவமான குடும்பத்தவர் என்று ஊரில் பெயரெடுத்தவர்கள் எத்தனை பேர் முகத்தை மறைத்துக்கொண்டு அட்டையை நீட்டினார்கள்! அந்த வெட்கம் மனிதனுக்கு அழகு. ஆனால் அதை அவன்மேல் சுமத்த நமக்கு உரிமையில்லை. பிரடொக்கின் கதையை வகுப்பில் சொல்லும் ஓர் ஆசிரியன், 'அஸ்வெசும' பட்டியலில் பெயருள்ள வீட்டுப் பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். "அவர் திருப்பிக் கொடுத்தார்" என்று சொன்ன அதே மூச்சில் "கொடுக்காமல் விட்டிருந்தாலும் அவர் குறைந்து போயிருக்க மாட்டார்" என்றும் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால், பின் வரிசையில் ஒரு தலை குனியும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிரடொக்கைப் பற்றி இவ்வளவு பரிவோடு படமெடுத்தவர்கள் மெக்ஸ் பேயரை எவ்வாறு காட்டியிருக்கிறார்கள்? கிரெய்க் பியர்கோ நடித்துள்ள அப்பாத்திரம், அரங்கில் இரண்டு பேரைக் கொன்றதில் பெருமைப்படும் ஒரு மிருகம். எதிராளியின் மனைவியிடமே, உன் கணவன் செத்த பின் உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற கருத்துப்பட இளிப்பவன். படம் பார்த்து முடிந்து எழுபவன் பேயரை வெறுத்துக்கொண்டே எழுகிறான்.

உண்மையான பேயர் யார்? 1909இல் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கலிபோர்னியாவின் லிவர்மோர் பகுதியில் தந்தையின் மாட்டுப் பண்ணையிலும் இறைச்சித் தொழிலிலும் உடல் வளர்த்தவர். 1930 ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் அவரோடு மோதிய பிரான்கி கெம்பல் என்ற வீரர் மறுநாள் உயிரிழந்தார். பேயர்மீது கைமோசக் கொலைக் குற்றச்சாட்டு வந்தது, பின்னர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அவர் தம்மைத் தாமே விடுவித்துக்கொள்ளவில்லை. அம்மரணம் இரவுகளில் அவரைத் துரத்தியதாக அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். அடுத்த ஆறு போட்டிகளில் நான்கில் தோற்றார். ஓங்கிய கை ஓங்கியபடியே தயங்கியது. கெம்பலின் விதவைக்கும் பிள்ளைக்கும் அவர் பண உதவி செய்ததாகவும் பதிவுகள் உள்ளன.

இரண்டாவதாகக் கொல்லப்பட்டவர் என்று படம் சொல்லும் ஏர்னி ஷாப், பேயரோடு மோதிய ஐந்து மாதத்துக்கும் மேல் கழித்து, 1933 பெப்ரவரியில், பிரீமோ கார்னேரா என்ற வேறொரு வீரரோடு மோதிய பின்னரே இறந்தார். பேயரின் அடிகள் அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று அக்காலத்தில் பேசப்பட்டது உண்மை. பேசப்பட்டதற்கும் நடந்ததற்கும் இடையேயுள்ள தூரத்தைப் படம் கடந்து போய்விட்டது.

இன்னுமொன்று. 1933 ஜூனில் நியூயோர்க்கில் ஜெர்மனியின் மெக்ஸ் ஷ்மெலிங்கோடு பேயர் மோதியபோது, தமது காற்சட்டையில் தாவீதின் நட்சத்திரத்தைத் தைத்து அணிந்திருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஐந்து மாதங்கூட ஆகவில்லை. பேயரின் தந்தைவழியில் யூத இரத்தம் இருந்தது. அன்று அது கொடுமைக்கு உள்ளாகத் தொடங்கியிருந்த ஒரு மக்களின் அடையாளம். அந்த நட்சத்திரம் பின்வந்த காலத்தில், பலஸ்தீனத்தில், எதன் கொடியில் ஏறியது என்பதை நாம் அறிவோம். அதனாலேயே பேயருக்காக ஒரு முஸ்லிம் இதழில் வாதாடுவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தில் இறைமறை இட்ட கட்டளை, இப்படிப்பட்ட தருணங்களுக்காகவே இடப்பட்டது. நமக்குப் பிடித்தவருக்கு மட்டும் நீதி பேசுவதற்குக் கட்டளை எதற்கு?

கலைஞர் தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். திரைப்படம் வரலாற்று நூலல்ல. நாடகத்துக்கு எதிர்ப்பாத்திரம் வேண்டும். இரண்டு நல்லவர்கள் மோதினால் எவர் பக்கம் நின்று கைதட்டுவது என்பர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. இக்கதையில் பிரடொக்கின் உண்மையான எதிரி பசி. பாலில் தண்ணீர் கலக்கும் மனைவி, இறைச்சிக் கடையில் ஒரு துண்டைத் திருடிவரும் மகன், அதைத் திருப்பிக் கொடுக்கச் செய்யும் தகப்பன், மின்சாரம் துண்டிக்கப்பட்டுக் குளிரில் நடுங்கும் அறை என்று படத்தின் மிகச் சிறந்த பகுதிகள் எல்லாம் அந்த எதிரியைப் பற்றியவை. ஆனால் பசிக்கு முகமில்லை. பங்குச் சந்தையை அரங்குக்கு அழைத்து வந்து தாடையில் குத்த முடியாது. மூடிய வங்கிக்குக் கையுறை மாட்ட முடியாது. ஆகவே படமெடுத்தவர்கள் பசிக்கு ஒரு முகம் தேடினார்கள். பேயரின் முகம் கிடைத்தது. பார்வையாளன் தன் வறுமையின் கோபம் முழுவதையும் அந்த முகத்தின்மீது இறக்குகிறான். பெருமந்தத்துக்குக் காரணமானவர்களோ அரங்குக்கு வெளியே சௌகரியமாக இருக்கிறார்கள்.

கஷ்ட காலத்தில் பசிக்கு ஒரு முகம் தேடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லித் தெரியவேண்டிய நிலையில் நாம் இல்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்துச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தி, பள்ளிவாசல் வரை வந்து தாக்கியது. அப்படியொன்று அவ்வுணவில் இருக்கவில்லை என்று ஆய்வு கூறியபோது சேதம் முடிந்திருந்தது. அதைத் திரைப்படத்தோடு ஒப்பிடுவது மிகையென்று சொல்லலாம். அளவில் மிகைதான், வகையில் அல்ல. ஒருவனைப் பற்றி இல்லாததைச் சொல்லிப் பிறரை வெறுக்கச் செய்வதற்கு நம் மார்க்கம் வைத்த பெயர் 'புஹ்தான்'. உள்ள குறையைப் பின்னால் பேசுவதே புறம் என்றால், இல்லாததைப் பேசுவது அதனினும் கொடியது. அவதூறால் எரிந்தவர்கள் அவதூறின் சூட்டை மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

இந்த முறையில் படமெடுக்கத் தொடங்கினால் எவர்தான் தப்புவார்? பிரடொக்கையே எடுத்துக்கொள்வோம். ஜோ லூயிஸுடன் மோதச் சம்மதிப்பதற்கு விலையாக, லூயிஸ் தரப்பின் பட்டப் போட்டி வருவாயிலிருந்து பத்து வருடங்களுக்குத் தமக்கு ஒரு பங்கு வருமாறு பிரடொக்கின் முகாமையாளர் ஜோ கூல்ட் ஒப்பந்தம் செய்துகொண்டார். படம் 1935இல் முடிந்துவிடுவதால் இச்செய்தி அதில் இல்லை. நாளை ஒருவர் ஜோ லூயிஸின் வாழ்க்கையை இதே பாணியில் எடுத்தால், ஒரு கறுப்பின இளைஞனின் வியர்வையில் பத்தாண்டுக் குத்தகை எழுதி வாங்கிய வெள்ளையனாகப் பிரடொக்கைக் காட்டலாம். அரங்கு நிறைந்த கூட்டம் அவரை வெறுத்துக்கொண்டு வெளியேறும். அதுவும் அநீதியே. அந்தப் பிரடொக், பட்டமெல்லாம் போன பின், 1960களில் வெராசானோ பாலம் கட்டும் பணியிலும் வேலை பார்த்தவர். ஒரு மனிதனின் ஒரு நாளை எடுத்து அவன் வாழ்நாள் முழுவதற்கும் விலை போடக்கூடாது.

நமக்கு மிக நெருக்கமான பெயரிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். முகம்மது அலியை நம்மவர் எவ்வளவு நேசித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல் பட்டம் பறிக்கப்பட்டு அவர் நின்றபோது, அவருக்குப் பணம் கொடுத்தும் அவருக்காகப் பேசியும் உதவியவர்களுள் ஜோ ஃப்ரேஸியர் ஒருவர். பின்னாளில் அதே ஃப்ரேஸியரை அலி 'கொரில்லா' என்று உலகமறிய ஏளனம் செய்தார். 1975இல் மணிலாவில் நடந்த போட்டியின் காயங்கள் ஆறின. அந்தச் சொல் ஆறவில்லை. ஃப்ரேஸியரின் பிள்ளைகள்கூட அதனால் பள்ளியில் கேலிக்குள்ளாயினர். 2001இல் அலி ஒரு பத்திரிகை நேர்காணலில், கோபத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னதாகக் கூறி மன்னிப்புக் கேட்டார். ஃப்ரேஸியர் 2011இலும் அலி 2016இலும் மறைந்தனர். மன்னிப்புக் கேட்டபோது கேட்கப்பட்டவர் உயிரோடிருந்தார் என்பதே இதில் பெரும் பேறு. குத்துச்சண்டை வீரனாகிய அலியைவிட, தன் வாயால் ஏற்பட்ட காயத்துக்கு மருந்து தேடிய அலியே நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கவர்.

மெக்ஸ் பேயருக்கு அந்த வழியும் இல்லை. அவர் 1959இல், ஐம்பது வயதில், மாரடைப்பால் காலமானார். படம் வந்தபோது அவர் இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. நடிகரான அவரது மகன் தந்தையைக் காட்டிய விதத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனால் ஒரு மகனின் குரல் எத்தனை திரையரங்குகளுக்குக் கேட்கும்?

மறுமை நாளின் வங்குரோத்துக்காரன் யாரென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்ட வரலாறு நாமறிந்தது. காசும் பொருளும் இல்லாதவனே என்று தோழர்கள் சொன்னார்கள். நபிகளாரின் விளக்கமோ வேறாக இருந்தது. தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் வந்தும், ஒருவரை ஏசி, இன்னொருவர்மேல் பழிசுமத்தி, வேறொருவரின் பொருளை உண்டு, பிறரை அடித்து வந்தவனுடைய நன்மைகள் யாவும் பாதிக்கப்பட்டோருக்குப் பங்கிடப்பட்டுப் போய்விடும். அவனே உண்மையான வங்குரோத்துக்காரன் என்பது அதன் சாரம். பொருளாதார மந்தத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இதைவிடப் பொருத்தமான போதனையை நான் அறியேன். பசித்தவன் வங்குரோத்துக்காரனல்லன், நிவாரண அட்டை நீட்டியவன் வங்குரோத்துக்காரனல்லன். பிறர் மானத்தைக் கடனாக எடுத்துத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் நிற்பவனே அந்தப் பெயருக்குரியவன். அடியார்களுக்கிடையிலான உரிமையில், பாதிக்கப்பட்டவன் மன்னிக்கும்வரை கணக்கு மூடப்படுவதில்லை.

இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றே என்று தொடக்கத்தில் சொன்னேன். உமர் (ரலி) தம் கணக்கைக் கடுமையாகவும் பிறர் கணக்கை இளக்கமாகவும் எழுதினார்கள். பிரடொக் தம் கணக்கைக் கடுமையாக எழுதினார். சதம் விடாமல் செலுத்தினார். அவரைக் கொண்டாடப் புறப்பட்ட படமோ பேயரின் கணக்கைக் கடுமையாக்கித் தன் கணக்கை இளக்கிக்கொண்டது. நாயகன் எதனால் உயர்ந்தானோ அதற்கு நேர்மாறான வழியில் அவனை உயர்த்தப் பார்த்தது.

இது சினிமாக்காரருக்கு மட்டுமுரிய எச்சரிக்கையன்று. நம் இலக்கிய வட்டத்திலும் நினைவு மலர்கள் வருகின்றன. ஊர் வரலாறுகள் எழுதப்படுகின்றன. மறைந்த பெரியார்களைப் பற்றிய கட்டுரைகள் வருகின்றன. ஒரு பெரியாரை உயர்த்துவதற்காக அவரோடு கருத்து மாறுபட்ட இன்னொருவரைச் சிறுமைப்படுத்தும் வாக்கியம் பேனாவின் நுனியில் எளிதாக வந்து நிற்கும். அவ்விருவரும் மண்ணறையில் அருகருகே கிடப்பார்கள். குத்துச்சண்டையில்கூட விழுந்தவனை எழும்பும்வரை அடிக்கக்கூடாதென்று ஒரு விதியுண்டு. முகத்தில் அடிப்பதை நபிகளார் தடுத்திருக்கிறார்கள். அதனை ஆதாரமாகக் கொண்டே அறிஞர் பலர் இவ்விளையாட்டை ஆகாதென்கின்றனர். இறந்தவனின் முகம் அவனது பெயர். அதன்மீது விழும் அடியைத் தடுக்க அவனுக்குக் கையில்லை. எழுதுகிறவர்களாகிய நாம் வாங்கிய புத்தகத்தின் கடனையும் அச்சகத்தின் கடனையும் எப்படியோ அடைத்துவிடுகிறோம். எழுதிய வரியில் எவருடைய கடனாவது மிஞ்சியிருக்கிறதா என்பதை, அவர் உயிரோடிருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.